வெளிநாட்டிலிருந்து ப்ளூ-ரே வாங்கும் முன்: கொடுத்த பணம் திரும்பி வர வழி இருக்கிறதா?

படங்களை டிஸ்க்காக வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளூரில் தேடியது கிடைப்பதில்லை. கிரைட்டீரியன் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் பழைய படங்களைச் செப்பனிட்டு வெளியிடும் ப்ளூ-ரேக்கள், பிரிட்டனில் குறைந்த எண்ணிக்கையில் வரும் ஸ்டீல்புக் (உலோக உறை) பதிப்புகள், ஜப்பானியப் பெட்டித் தொகுப்புகள் எல்லாம் அந்தந்த நாட்டில்தான் விற்பனைக்கு வருகின்றன. தமிழ்ப் படங்களின் கதையும் இதேதான். ஐங்கரன் நிறுவனம் லண்டனிலிருந்து வெளியிட்ட டிவிடிகளை ஆங்கில சப்டைட்டிலுக்காகவே தேடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவற்றில் பல, அங்கே யாராவது தன் அலமாரியைக் காலி செய்யும்போதுதான் விற்பனைக்கு வரும்.

அப்படி ஒன்று கண்ணில் பட்டதும் கை பரபரக்கும். விற்பவர் யாரென்று தெரியாது, நாடு வேறு, நாணயம் வேறு. புதிதாக வாங்குபவர் இந்த இடத்தில் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "என் கார்டு நம்பரைத் திருடிவிடுவார்களா?" என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று உண்டு. டிஸ்க் வராவிட்டால், அல்லது வேறு ஏதோ வந்தால், கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

இவை இரண்டும் தனித்தனி ஆபத்துகள். ஒன்று திருட்டு. நீங்கள் அனுமதிக்காத செலவு உங்கள் கணக்கில் ஏறுகிறது. இன்னொன்று ஏமாற்று. நீங்களே சம்மதித்துக் கொடுத்த பணத்துக்குப் பொருள் வரவில்லை. வங்கி இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். விதிகள் வேறு, காலக்கெடு வேறு. புகார் கொடுக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொண்டு, "என் பணத்தைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதிக் கொடுப்பவர்கள் நிறைய. வங்கி எடுத்துப் பார்த்தால், அந்தச் செலவை அனுமதித்தது அவர்களேதான் என்று பதிவு சொல்லும். புகார் அங்கேயே நின்றுவிடும். அதனால் இரண்டையும் பிரித்தே பார்ப்போம்.

ஓடிபி ஏன் வரவில்லை?

வெளிநாட்டுத் தளத்தில் முதல் முறை வாங்குபவரைப் பதற வைப்பது இதுதான். கார்டு எண், காலாவதி தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்க சிவிவி ஆகியவற்றைப் போட்டதும் "நன்றி, ஆர்டர் கிடைத்தது" என்று வந்துவிடும். ஓடிபி கேட்கவே இல்லை. போலித் தளத்தில் மாட்டிக்கொண்டோமோ என்று தோன்றும்.

அப்படி இருக்க வேண்டியதில்லை. இணையத்தில் கார்டு வழியாகச் செலுத்தும்போது இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009இல் கொண்டுவந்த விதி இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றங்களுக்கானது. வெளிநாட்டுக் கடை அதன் கீழ் வராது. அந்தக் கடை உங்கள் விவரத்தைத் தன் வங்கிக்கு அனுப்பும். அது விசா அல்லது மாஸ்டர்கார்டு வலைப்பின்னல் வழியாக உங்கள் வங்கிக்கு வரும். உங்கள் வங்கி சரி என்றதும் வேலை முடிந்தது. நடுவில் ஓடிபி கேட்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் கடைத் தரப்பின் முடிவு. சில கடைகள் கேட்கின்றன, பல கேட்பதில்லை. வெளிநாட்டு வணிகர் தரப்பு கூடுதல் சரிபார்ப்பு கேட்டால் அதைச் செய்து கொடுக்கும் ஏற்பாட்டை 2026 அக்டோபர் 1க்குள் இந்திய வங்கிகள் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. அதிலும் 'கேட்டால்' என்பதைக் கவனியுங்கள். கேட்காத கடைகள் இருக்கத்தான் செய்யும்.

ஆக, ஓடிபி வராதது மோசடிக்கு அடையாளம் இல்லை. ஆனால் உங்கள் கார்டு விவரம் எங்காவது கசிந்தால், அதை எடுத்தவரும் ஓடிபி இல்லாமலே ஏதோ ஒரு வெளிநாட்டுத் தளத்தில் செலவழிக்கலாம் என்பதும் இதே காரணத்தால் உண்மை.

இதற்கு நம் கையிலேயே ஒரு மருந்து இருக்கிறது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, கார்டின் ஒவ்வொரு பயன்பாட்டையும் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும், உச்சவரம்பு வைக்கவும் வங்கிகள் வசதி தர வேண்டும். உங்கள் வங்கியின் செயலியில் கார்டு அமைப்புகளுக்குள் போனால் வெளிநாட்டு இணையப் பரிமாற்றத்துக்குத் தனி பொத்தான் இருக்கும். அதை வீட்டு மோட்டார் ஸ்விட்ச் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது போட வேண்டும், முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். டிஸ்க்கும் தபால் செலவும் சேர்ந்து 4,200 ரூபாய் வருமென்றால் வரம்பை 5,000 என்று வையுங்கள். 2 லட்சம் வரை திறந்து வைப்பதற்கு எந்த அவசியமும் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. வெளிவர இருக்கும் பதிப்புக்கு முன்பதிவு செய்தால், பல கடைகள் உடனே பணம் எடுக்காமல் டிஸ்க்கை அனுப்பும் நாளில்தான் எடுக்கும். அன்று உங்கள் ஸ்விட்ச் அணைந்திருந்தால் பணம் மறுக்கப்படும், ஆர்டர் ரத்தாகலாம். ஆயிரம் பிரதி மட்டும் அச்சிட்ட பதிப்பென்றால் அது பெரிய இழப்பு. முன்பதிவு செய்த கடை எப்போது பணம் எடுக்கும் என்பதை முதலிலேயே படித்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

'கார்டு விவரத்தைச் சேமிக்கவா?' என்று தளம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2022 அக்டோபர் முதல் இந்திய வணிகத் தளங்கள் உங்கள் கார்டு எண்ணை அப்படியே வைத்திருக்க முடியாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் சிறிய கடை அப்படித்தான் செய்கிறது என்று நாம் எடுத்துக்கொள்ள முடியாது.

இத்தனைக்கும் பிறகு திருட்டு நடந்தால்? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை உங்கள் பக்கம் இருக்கிறது. உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியே எங்கோ விவரம் கசிந்து பணம் போயிருந்தால், வங்கியின் தகவல் வந்ததிலிருந்து 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு இழப்பு ஏதும் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். அதையும் தாண்டினால் வங்கியின் கொள்கைப்படிதான். புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். ஆனால் ஓடிபியையோ கடவுச்சொல்லையோ நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும் நேரம் வரை போனதெல்லாம் உங்கள் கணக்குதான். எஸ்எம்எஸ் எச்சரிக்கை வரும் எண் இன்றும் உங்களிடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா என்ற கேள்விக்கு என் பதிலில் தயக்கமே இல்லை. கிரெடிட் கார்டுதான். டெபிட் கார்டில் தவறு நடந்தால், விசாரணை முடியும் வரை குறைவது உங்கள் சொந்தப் பணம். கிரெடிட் கார்டில் அது இன்னும் கட்டாத பில். கிரெடிட் கார்டு இல்லாதவர்கள், சம்பளம் வரும் கணக்கின் டெபிட் கார்டைத் தொடாமல், சிறு தொகை மட்டும் போட்டு வைக்கும் தனிக் கணக்கு ஒன்றைப் பயன்படுத்தலாம்.

திரும்பி வரும் வழிகள்

இப்போது இரண்டாவது ஆபத்துக்கு வருவோம். டிஸ்க் சேகரிப்பவர்கள் பணத்தை அதிகமாக இழப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். பணம் செலுத்தும் வழிகள் எல்லாமே பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வித்தியாசம் எல்லாம் அதைத் திரும்ப வாங்குவதில்தான் இருக்கிறது.

கார்டில் செலுத்தினால் சார்ஜ்பேக் என்ற உரிமை வருகிறது. பொருள் வரவில்லை, அல்லது சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்று உங்கள் வங்கியிடம் முறையிட்டால், வங்கி கார்டு வலைப்பின்னல் வழியாக விற்பவரின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். விற்பவர் ஆதாரம் காட்டாவிட்டால் பணம் உங்களுக்கு. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலுமே இந்த வகைப் புகாருக்குப் பொதுவாக 120 நாள் கெடு. பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, அல்லது வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். கிளையில் இருப்பவருக்கே சில சமயம் இது தெரியாது. 'டிஸ்ப்யூட்' என்று சொல்லி, கார்டு பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள்.

அடுத்து, இணையத்தில் பணம் கட்டும் சேவையான பேபால். இந்தியாவை விட்டே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் நின்றது இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றம் மட்டும்தான். வெளிநாட்டு விற்பனையாளருக்குச் செலுத்துவது தொடர்கிறது. இதில் இரண்டு நன்மைகள். விற்பவர் உங்கள் கார்டு எண்ணைப் பார்ப்பதே இல்லை. அப்புறம், பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாட்கள் வரை தகராறைப் பதிவு செய்யலாம்.

மூன்றாவது, பலரும் பொருள் விற்கும் ஈபே போன்ற சந்தைத் தளத்தின் உத்தரவாதம். இந்திய ஈபே 2018 ஆகஸ்டில் மூடப்பட்டாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் ஈபேயில் இங்கிருந்து வாங்கலாம். அங்கே பணத்தை ஈபேயே வாங்கி விற்பவரிடம் தருகிறது. பொருள் வர வேண்டிய கடைசி நாள் என்று தளம் காட்டிய தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் 'வரவில்லை' என்று சொல்ல வேண்டும். வந்த பொருள் தவறென்றால் வந்த நாளிலிருந்து 30 நாட்கள்.

விற்பவரின் கணக்குக்கு நேரடி வங்கிப் பரிமாற்றம் (வயர் டிரான்ஸ்ஃபர்), வெஸ்டர்ன் யூனியன், கிரிப்டோ, கிஃப்ட் கார்டு எண் ஆகியவற்றில் போன பணம் போனதுதான். கிஃப்ட் கார்டு எண் கேட்பவர் விற்பனையாளரே இல்லை. பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள்.

கெடுக்களைத் தேதியோடு பார்த்தால்தான் மனதில் நிற்கும். மார்ச் 1ஆம் தேதி பிரிட்டிஷ் ஈபேயில் ஒரு பெட்டித் தொகுப்பு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 25 முதல் ஏப்ரல் 10க்குள் வரும் என்று தளம் காட்டுகிறது. ஏப்ரல் 10 தாண்டியும் வரவில்லை. விற்பவருக்கு எழுதுகிறீர்கள். "சுங்கத்தில் தாமதம், இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்" என்று பணிவாகப் பதில் வருகிறது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு பணிவான பதில். மே 10 வந்ததும் ஈபேயின் கதவு மூடிவிடும். இதையே பேபாலில் நேரடியாக ஒரு கடைக்குக் கட்டியிருந்தால் ஆகஸ்ட் 28 வரை நேரம் இருக்கும். நேர்மையான விற்பனையாளருக்கும் தபால் தாமதம் வரும், அவரும் பொறுக்கத்தான் சொல்வார். ஏமாற்றுபவரும் அதையேதான் சொல்வார். வார்த்தையை வைத்து இருவரையும் பிரித்தறிய முடியாது. அதனால் பொறுமை காட்டுவதற்கும் ஒரு தேதி வையுங்கள். கெடு முடிய ஐந்து நாள் இருக்கும்போது தகராறைப் பதிவு செய்துவிட்டு, "பார்சல் வந்ததும் மூடிவிடுகிறேன்" என்று விற்பவருக்கு மரியாதையாக எழுதலாம். நல்லவர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேபாலில் இன்னொரு படியும் உண்டு. தகராறைத் திறந்தால் மட்டும் போதாது. 20 நாட்களுக்குள் அதை உரிமைக் கோரிக்கையாக மாற்றினால்தான் பேபால் தலையிட்டுத் தீர்ப்புச் சொல்லும். விட்டுவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும், மூடியதை மறுபடி திறக்க முடியாது. "தகராறை மூடுங்கள், இன்றே பணத்தை அனுப்பிவிடுகிறேன்" என்று கேட்பது பழைய தந்திரம். பணம் கணக்கில் வந்த பிறகு மூடுங்கள். அதோடு, பேபாலிலும் வங்கியிலும் ஒரே நேரத்தில் புகார் கொடுக்காதீர்கள். வங்கியில் சார்ஜ்பேக் போட்டால் பேபால் தன் பக்கத்துக் கோப்பை மூடிவிடும். முதலில் பேபால், அங்கே தோற்றால் வங்கி என்ற வரிசையே நல்லது. ஆனால் அதற்குள் வங்கியின் 120 நாள் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"நண்பர் கணக்கில் அனுப்புங்கள்"

சேகரிப்பாளர் குழுக்களில் வாங்கும்போது இந்த வாக்கியத்தைச் சந்திக்காமல் இருக்க முடியாது. பேபாலில் பணம் அனுப்ப இரண்டு முறைகள் உண்டு. ஒன்று பொருளுக்கான விலை. இன்னொன்று நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் அனுப்புவது. இரண்டாவதில் விற்பவருக்குக் கட்டணம் பிடிக்க மாட்டார்கள், அதனால் பலர் அதையே கேட்கிறார்கள். கேட்பவர்களில் நாணயமானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. பேபாலைப் பொறுத்தவரை நீங்கள் ஒருவருக்கு அன்பளிப்புக் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்று வெளியே இருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பொத்தான் ஒரு தட்டலில் கிடைப்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

"அந்தக் கட்டணத்தை நானே சேர்த்துத் தருகிறேன், பொருளுக்கான விலையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். 50 டாலர் டிஸ்க்குக்கு அது இரண்டு மூன்று டாலர்தான் வரும். 180 நாள் பாதுகாப்புக்கு இதைவிட மலிவான விலை கிடையாது. அதற்கும் மறுத்தால் விலகிவிடுங்கள், அது எவ்வளவு அரிய பதிப்பாக இருந்தாலும் சரி. ஈபேயில் பேசிக்கொண்டிருக்கும்போது "வெளியே வாருங்கள், பத்து சதவீதம் குறைத்துத் தருகிறேன்" என்று அழைப்பதும் இதே வகைதான். தளத்துக்கு வெளியே கட்டிய பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது.

கட்டும் முன் பார்க்க வேண்டியவை

முகவரிப் பட்டையில் பூட்டு இருந்தால் பாதுகாப்பான கடை என்று பல வருடங்களாகச் சொல்லி வந்தார்கள். உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் விவரத்தை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அந்தப் பூட்டுக்கு அர்த்தம். அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. மோசடித் தளங்களும் அதே பூட்டோடுதான் வருகின்றன. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே குரோம் உலாவி 2023இல் பூட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

அதைவிடப் பயனுள்ளது, தளத்தின் வயதைப் பார்ப்பது. இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் கடையின் இணைய முகவரியைப் போட்டால் அது எந்த நாளில் பதிவானது என்று காட்டும். உரிமையாளர் பெயர் மறைந்திருக்கும், தேதி தெரியும். 'இருபது வருடமாகச் சேகரிப்பாளர்களின் நம்பிக்கை' என்று முகப்பில் எழுதிய கடை போன மாதம் பதிவாகியிருந்தால் வேறு விசாரணை எதற்கு?

தனிநபர் விற்பவராக இருந்தால் அவருடைய மதிப்பீட்டு எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், எதை விற்று அந்த மதிப்பீடுகள் வந்தன என்று பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன்வரை குழந்தைத் துணி விற்றவர், நடுவில் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரே நாளில் நாற்பது அரிய ப்ளூ-ரேக்களைப் பாதி விலையில் போட்டால், அந்தக் கணக்கு வேறு யார் கைக்கோ போயிருக்கலாம். ஒரு படம் கேளுங்கள். உறையின் அட்டைப் படம் எங்கும் கிடைக்கும். டிஸ்க்கின் அடிப்பக்கம், உள்வளையம் தெரியும்படி, பக்கத்தில் ஒரு காகிதத்தில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதி வைத்து எடுத்த படமாக இருக்கட்டும். பொருள் கையில் இருப்பவருக்கு ஐந்து நிமிட வேலை.

அந்த உள்வளையம் இன்னொன்றையும் சொல்லும். தொழிற்சாலையில் அச்சான டிஸ்க்குகளில் நடுத்துளையைச் சுற்றி மிகச் சிறிய எழுத்தில் 'ஐஎஃப்பிஐ' என்றும் அதைத் தொடர்ந்து ஒரு குறியீடும் இருப்பது வழக்கம். எந்த ஆலையில் உருவானது என்பதற்கான அடையாளம் அது, 1994இல் தொடங்கியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். வீட்டில் எழுதிய டிவிடிக்கு அடிப்பக்கம் ஊதா நிறம் அடிக்கும். அசல் என்று சொல்லி நகலை அனுப்பியிருந்தால், உள்வளையத்தையும் அடிப்பக்கத்தையும் எடுத்த படங்கள் உங்கள் புகாருக்குப் போதுமான பலம்.

ஒரு டிஸ்க் எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்பதைக் கட்டுப்படுத்தும் மண்டலக் குறியீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ப்ளூ-ரேயில் இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம், அமெரிக்காவும் ஜப்பானும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. 4கே டிஸ்க்குகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. விளம்பரத்தில் 'பி மண்டலம்' என்று எழுதியிருந்து, அது உங்கள் பிளேயரில் ஓடாவிட்டால் எந்தப் பாதுகாப்புத் திட்டமும் பணம் தராது. சொன்னதைத்தான் அவர் அனுப்பியிருக்கிறார்.

ட்ராக்கிங் எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது

விற்பவர் அனுப்பும் ட்ராக்கிங் எண் உண்மையா, வாயில் வந்ததா என்று வீட்டிலிருந்தே ஓரளவு சோதிக்கலாம். நாடு விட்டு நாடு போகும் பதிவுத் தபாலுக்கு உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த ஒரே வடிவம் உண்டு. முதலில் இரண்டு எழுத்துகள், பிறகு ஒன்பது இலக்கங்கள், கடைசியில் அனுப்பிய நாட்டுக்கான இரண்டு எழுத்துகள். பிரிட்டன் என்றால் ஜிபி, அமெரிக்கா என்றால் யுஎஸ், ஜப்பான் என்றால் ஜேபி. லண்டனிலிருந்து அனுப்பினேன் என்பவர் தரும் எண் வேறு நாட்டு எழுத்தில் முடிந்தால் விளக்கம் கேளுங்கள்.

ஒன்பது இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு சரிபார்ப்பு எண். முதல் எட்டை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து வரும் மீதியை 11இலிருந்து கழித்தால் வருவதுதான் ஒன்பதாவது இலக்கம். விடை 10 வந்தால் 0 என்றும் 11 வந்தால் 5 என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். 'ஆர்ஆர் 473124829 ஜிபி' என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 32, 42, 12, 2, 6, 20, 72, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 200. 11ஆல் வகுத்தால் மீதி 2. 11இலிருந்து 2 போனால் 9. கடைசி இலக்கமும் 9. சரி. மனம்போனபடி ஒன்பது இலக்கத்தைத் தட்டி அனுப்பியவர் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்வார். தனியார் கூரியர் எண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கணக்கு சரியாக வந்தால் எண் ஒழுங்கான வடிவில் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அனுப்பிய நாட்டின் அஞ்சல் தளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். இன்னும் கெட்டிக்காரத்தனமான ஏமாற்றும் உண்டு. உங்கள் ஊரிலேயே வேறு யாருக்கோ ஒரு வெற்றுக் கவரை அனுப்பிவிட்டு அந்த எண்ணை உங்களுக்குத் தருவார்கள். ட்ராக்கிங்கில் 'மதுரை, பட்டுவாடா ஆனது' என்று காட்டும். விற்பவர் அதையே ஆதாரமாக வைப்பார். அப்படி நேர்ந்தால் உங்கள் அஞ்சல் நிலையத்தில், அந்த எண்ணுள்ள பொருள் உங்கள் முகவரிக்குப் பட்டுவாடா ஆகவில்லை என்று எழுதி வாங்குங்கள். எடையும் தெரிந்தால் இன்னும் நல்லது. ஐந்து டிஸ்க் கொண்ட பெட்டி இருபது கிராம் எடை இருக்காது.

பார்சல் வந்ததும் பிரிப்பதற்கு முன் போனில் வீடியோவை ஓட விடுங்கள். முகவரிச் சீட்டு தெரிய வேண்டும், ஒட்டிய நாடா பிரிக்கப்படாமல் இருப்பது தெரிய வேண்டும், நடுவில் வெட்டாமல் டிஸ்க்கின் அடிப்பக்கம் வரை காட்ட வேண்டும். விற்பவரோடு பேசியதெல்லாம் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் கொடுத்த வாக்குறுதியைத் தளம் கணக்கில் எடுக்காமல் போகலாம்.

சுங்கம் என்று வரும் எஸ்எம்எஸ்

வெளிநாட்டுப் பார்சலுக்காகக் காத்திருப்பவரின் மனநிலையைக் குறிவைத்தே ஒரு மோசடி நடக்கிறது. 'உங்கள் பார்சல் கிடங்கில் நிற்கிறது, முகவரி முழுமையாக இல்லை, 24 மணி நேரத்துக்குள் புதுப்பியுங்கள்' என்று இந்திய அஞ்சல் பெயரில் எஸ்எம்எஸ் வரும். இணைப்பைத் தட்டினால் அஞ்சல் துறைப் பக்கம் மாதிரியே ஒன்று திறக்கும். இருபது முப்பது ரூபாய் கட்டச் சொல்லி கார்டு விவரம் கேட்கும். தொகை சின்னது என்பதால் யோசிக்காமல் கட்டிவிடத் தோன்றும். அவர்களுக்கு வேண்டியது அந்த முப்பது ரூபாய் இல்லை, உங்கள் கார்டு எண். எஸ்எம்எஸ்ஸில் வரும் இணைப்பைத் தொடாமல், உங்களிடம் இருக்கும் ட்ராக்கிங் எண்ணை அஞ்சல் துறையின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். உண்மையிலேயே சுங்கத் தீர்வை இருந்தால் அது பார்சலோடு ரசீதாக வரும், பட்டுவாடாவின்போது கட்டலாம். கூரியராக இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள்.

தீர்வையை மிச்சம் பிடிக்க 'அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கள்' என்று விற்பவரிடம் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2019 டிசம்பர் முதல் ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர வேறெதையும் தீர்வை விலக்குள்ள அன்பளிப்பாக இந்தியாவுக்குள் வரவழைக்க முடியாது. இன்னொரு பக்கம், 80 டாலர் பெட்டியை 10 டாலர் என்று எழுதச் சொன்னால், அது வழியில் தொலைந்தால் தபால் துறை பத்து டாலருக்குத்தான் பதில் சொல்லும்.

நாணய மாற்றிலும் கொஞ்சம் பணம் கசியும். பணம் கட்டும் பக்கத்தில் 'ரூபாயில் கட்டவா, பவுண்டில் கட்டவா?' என்று கேட்டால் விற்பவரின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அந்தத் தளமோ பேபாலோ தன் விகிதத்தில் மாற்றும், அது பெரும்பாலும் உங்கள் வங்கியின் விகிதத்தைவிடக் கூடுதல்.

தவறு நடந்துவிட்டால்

கார்டு விவரம் போலித் தளத்தில் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே செயலியில் கார்டை முடக்குங்கள், பிறகு வங்கிக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். இந்தியாவில் இணைய மோசடிக்கான உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

பொருள் வராத விவகாரம் என்றால் தளம், பேபால், வங்கி என்று மேலே பார்த்த வரிசையில் போங்கள். வந்த பொருள் தவறு என்ற புகாரில், திருப்பி அனுப்பும் தபால் செலவை ஈபேயில் விற்பவர் ஏற்க வேண்டும். பேபாலில் அது உங்கள் தலையில் விழலாம். 1,500 ரூபாய் டிஸ்க்குக்கு லண்டன் வரை ட்ராக்கிங்கோடு திருப்பி அனுப்பும் செலவு எவ்வளவு என்று விசாரித்துவிட்டு, பகுதித் தொகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு முடிப்பதா என்று நீங்களே முடிவு செய்யலாம். பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் கார்டு நிறுவனமும் விற்பவரோடு சேர்ந்து பொறுப்பாகும். நடுவில் பேபால் போன்ற ஒருவர் இருந்தால் அந்த உரிமை அறுந்துபோகலாம் என்பதால், விலை உயர்ந்த தொகுப்புகளை அவர்கள் கடைக்கே நேரடியாகக் கார்டில் கட்டுவது நல்லது.

இந்திய வங்கி உங்கள் புகாரை நிராகரித்தாலோ 30 நாட்களுக்குள் பதிலே சொல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் இல்லை. ஆர்டர் பக்கத்தின் படம், விளம்பரத்தில் இருந்த விவரிப்பு, செய்திப் பரிமாற்றம், ட்ராக்கிங் பக்கம், பிரிக்கும் வீடியோ, வங்கி கொடுத்த புகார் எண் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே கோப்பாக இணையுங்கள். விளம்பரப் பக்கத்தை வாங்கும் அன்றே சேமித்து வைப்பது முக்கியம். தகராறு வந்தபின் தேடிப் போனால் அந்தப் பக்கம் இல்லாமல் போயிருக்கலாம்.